பேண்ட் செட்ல எதை ஊதலாம்?

வரதராஜன்பேட்டை அலங்கார அன்னை தேர்பவனியில் பேண்ட் செட்டைப் பார்த்து, 'இந்த வயசுல நாமளும் கத்துக்கலாமா?'ன்னு தோணியிருக்கா? தாராளமா. ஆனா எடுத்ததுமே டிரம்பெட் வேண்டாம். பாதிப் பேர் விட்டுட்டு ஓடுறது அங்கதான்னு நினைக்கிறேன்.

சத்தம் பித்தளையில் பிறப்பதில்லை, உதட்டு அதிர்வில் பிறக்குது. டிரம்பெட் மவுத்பீஸின் உள்விட்டம் சுமார் 16 மி.மீ., யூஃபோனியத்துக்கு 25. சின்ன வட்டத்துக்குள்ள உதடு இறுக்கமா, வேகமா அதிரணும். புதுசா ஊதுறவங்களுக்குச் சீக்கிரம் வலிச்சிடும். அதனால யூஃபோனியத்தில் ஆரம்பிங்க. மூணு வால்வு விரல் கணக்கு ரெண்டுக்கும் ஒண்ணுதான். பின்னாடி டிரம்பெட்டுக்கு மாறினாலும் விரல் பழக்கம் வீணாகாது. டிராம்போன்? வால்வே கிடையாது, ஸ்லைடின் ஏழு நிலைகளையும் காதை நம்பித்தான் பிடிக்கணும்.

பழசு வாங்கினா வால்வுகளை ஒவ்வொண்ணா அழுத்திப் பாருங்க. விரலை எடுத்ததும் சட்டுனு மேல வரலன்னா, பாலீஷ் பளபளப்பில் மயங்காம திரும்பி வந்துடுங்க.