அடுத்த பிராசசர் வரும் வரை காத்திருக்கலாமா?

புதிய கம்ப்யூட்டர் வாங்கப் பணத்தைத் தயார் செய்து வைத்திருப்பவரைக் குழப்ப எப்போதும் ஒரு செய்தி வந்து சேரும். "ஆறு மாதத்தில் புதிய பிராசசர் வருகிறதாம், இப்போது வாங்கினால் பழசாகிவிடும்" என்பார் நண்பர். "இதுதான் லேட்டஸ்ட், விலை ஏறப் போகிறது, இன்றே எடுத்துவிடுங்கள்" என்பார் கடைக்காரர். பெரும்பாலான வீடுகளில் இது ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்யும் செலவு. யார் பேச்சைக் கேட்பது?

வரப் போகும் பிராசசர் பற்றிய தகவல்களை எந்த அளவு நம்பலாம் என முதலில் பார்ப்போம். வதந்திகளை விடுங்கள், தயாரிக்கும் நிறுவனமே சொன்னது கூட நடக்காமல் போனதுண்டு. பென்டியம் 4 பிராசசர் 2000 ஆம் ஆண்டு நவம்பரில் வந்தது. இந்த வடிவமைப்பு 10 கிகா ஹெர்ட்ஸ் வரை செல்லும் என்று அப்போது இன்டெல் எதிர்பார்த்தது. ஆனால் வேகத்தைக் கூட்டக் கூட சிப் அதிகமாகச் சூடானது. அடுத்து வர இருந்த டேஜாஸ் என்னும் பிராசசரை 2004 மே மாதம் இன்டெல் கைவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் 4 கிகா ஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டமும் ரத்தானது. அதற்காக, அப்போதைய தலைமை நிர்வாகி கிரெய்க் பாரெட் ஒரு மாநாட்டு மேடையில் பாதி விளையாட்டாக மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். பென்டியம் 4 கடைசி வரை 3.8 கிகா ஹெர்ட்ஸைத் தாண்டவில்லை. 2006 ஜூலையில் கோர் 2 டுயோ வந்தது. அதில் 2.4 கிகா ஹெர்ட்ஸ் பிராசசரே பழைய 3.8 ஐ எளிதாக முந்தியது. 4 கிகா ஹெர்ட்ஸுக்காகக் காத்திருந்தவர் தவறான எண்ணுக்காகக் காத்திருந்தார் எனலாம்.

தலைமுறை எண்ணும் இப்படித்தான். இன்டெல்லின் 6 ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் 2015 இல் வந்தன. அதிலிருந்து 2020 இல் வந்த 10 ஆம் தலைமுறை வரை, உள்ளே இருந்த கோரின் அடிப்படை வடிவமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். கோர்களின் எண்ணிக்கையும் வேகமும் கூடின, அவ்வளவே. 2023 இல் வந்த 14 ஆம் தலைமுறையும் பெரும்பாலும் 13 ஆம் தலைமுறையின் மறுபதிப்பு. பெட்டியில் எண் கூடியிருக்கிறது என்பதற்காக மட்டும் ஆறு மாதம் காத்திருப்பதில் பொருளில்லை.

அப்படியானால் எதைப் பார்த்து முடிவு செய்வது? என் கருத்தில், பிராசசரைவிட அது அமரும் சாக்கெட்டையே முதலில் பார்க்க வேண்டும். மதர்போர்டில் பிராசசரைப் பொருத்தும் இடம்தான் சாக்கெட். நாளை வேகமான பிராசசர் வந்தால் அதை மட்டும் வாங்கி மாற்றிக் கொள்ள முடியுமா, இல்லை மதர்போர்டு, ராம் எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டுமா என்பதை இதுவே தீர்மானிக்கிறது.

முதல் பென்டியம் 4 வாங்கியவர்கள் இதைப் பணம் கொடுத்துக் கற்றார்கள். அது 423 பின்கள் கொண்ட சாக்கெட்டில் வந்தது. அதனுடன் ஆர்.டி.ராம் என்னும் விலை உயர்ந்த மெமரியை, அதுவும் ஜோடி ஜோடியாக, வாங்க வேண்டியிருந்தது. ஒரு வருடம் முடிவதற்குள், 2001 ஆகஸ்டில், 478 பின் சாக்கெட் வந்துவிட்டது. பழைய சாக்கெட்டுக்கு 2 கிகா ஹெர்ட்ஸுக்கு மேல் பிராசசர் வரவே இல்லை.

இதற்கு நேர் எதிரான கதை ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 சாக்கெட். 2017 மார்ச்சில் முதல் ரைசன் இதில் வந்தது. 2022 ஏப்ரலில் வந்த ரைசன் 7 5800 எக்ஸ்3டி பிராசசரும் இதே சாக்கெட்தான். நடுவில் ஒரு சிக்கலும் வந்தது. ரைசன் 5000 வரிசை 400 வரிசை மதர்போர்டுகளில் இயங்காது என 2020 மே மாதம் ஏ.எம்.டி. அறிவித்தது. வாங்கியவர்கள் போட்ட சத்தத்தில் சில நாட்களிலேயே அந்த முடிவை மாற்றிக் கொண்டது. 2022 இல் இன்னும் பழைய 300 வரிசை போர்டுகளுக்கும் வழி திறந்தது. பயாஸ் புரோகிராமைப் புதுப்பித்தால் போதும்.

இதன் பயன் 2021 இல் விண்டோஸ் 11 வந்தபோது தெரிந்தது. இன்டெல் என்றால் 8 ஆம் தலைமுறை, ஏ.எம்.டி. என்றால் ரைசன் 2000 வரிசை, அதற்கும் முந்தையவை பொதுவாக ஏற்கப்படாது என்று மைக்ரோசாப்ட் கூறிவிட்டது. விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14 உடன் முடிந்தன. வீட்டுப் பயனாளர் பதிவு செய்து பெறும் கூடுதல் அப்டேட்களுக்கு 2026 அக்டோபர் வரை மட்டுமே கெடு வைக்கப்பட்டது.

2017 நடுவில் இருவர் கம்ப்யூட்டர் வாங்கினார்கள் என வைத்துக் கொள்வோம். ஒருவர் இன்டெல் 7 ஆம் தலைமுறை, மற்றவர் முதல் ரைசன். அதே ஆண்டு அக்டோபரில் இன்டெல்லின் 8 ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் வந்தன. ஐ5 இல் நான்குக்குப் பதில் ஆறு கோர். பின்களின் எண்ணிக்கை அதே 1151. ஆனால் பழைய போர்டில் இயங்காது, 300 வரிசை போர்டு வேண்டும் என்றது இன்டெல். ஆகவே முதல் நபருக்கு விண்டோஸ் 11 வேண்டுமானால் போர்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். ரைசன் வாங்கியவரின் பிராசசரும் விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை. ஆனால் அவர் புதிய ரைசன் ஒன்றை அதே போர்டில் பொருத்திக் கொள்ளலாம். 2017 இல் சில மாதம் காத்திருந்த இன்டெல் வாடிக்கையாளர் உண்மையிலேயே தப்பித்தார். அந்த ஆண்டு உலவிய எந்த வதந்தியும் இந்தக் காரணத்தைச் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை.

எனவே நான் சொல்லும் கணக்கு இது. புதிய பிராசசருக்கு நிறுவனமே வெளியீட்டுத் தேதி அறிவித்து, அது ஓரிரு மாதத்தில் வருகிறது என்றால் காத்திருங்கள். புதியதை வாங்காவிட்டாலும் பழையதன் விலை இறங்க வாய்ப்புண்டு. "அடுத்த ஆண்டு இறுதியில்" என்ற அளவில் இருந்தால் அதை மறந்துவிடுங்கள். காத்திருப்பதற்கும் விலை உண்டு. 2025 இன் கடைசி மாதங்களில், செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்கான தேவை கூடியதால், ராம் மெமரி விலை உலகெங்கும் கடுமையாக ஏறியது. பிராசசர் விலை குறையட்டும் என்று தள்ளிப் போட்டவர்கள் ராமுக்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள்.

வந்த முதல் வாரத்திலேயே வாங்குவதும் தேவையில்லை. இன்டெல் 13, 14 ஆம் தலைமுறைகளின் உயர் வகை டெஸ்க்டாப் பிராசசர்கள் சிலவற்றில், அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் கம்ப்யூட்டர் திடீர் திடீரென நின்று போகும் கோளாறு இருந்தது. அதற்கான திருத்தம் 2024 ஆகஸ்டில்தான் வந்தது. வாரன்டியையும் இன்டெல் இரண்டு ஆண்டு நீட்டித்தது. செகண்ட் ஹேண்டில் இவற்றை வாங்குபவர்கள் பயாஸ் புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

லேப்டாப் வாங்குபவர்களுக்கு சாக்கெட் கவலை இல்லை. பிராசசர் போர்டிலேயே பற்ற வைக்கப்பட்டிருக்கும், மாற்ற முடியாது. அங்கே ராம் கூட்ட இடம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பழைய கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது என்பவர்கள், அதில் இன்னும் ஹார்ட் டிஸ்க்தான் ஓடுகிறதா என்று பாருங்கள். அதற்குப் பதில் ஒரு எஸ்.எஸ்.டி. போட்டால் பிராசசரை மாற்றும் எண்ணமே மறைந்துவிடலாம்.

உங்களிடம் இருப்பது என்ன என்று அறிய, சிபியு-இசட் என்ற இலவச புரோகிராமை இயக்குங்கள். பிராசசர் பெயர், சாக்கெட், மதர்போர்டு மாடல், மெமரி வகை எல்லாம் அதில் தெரியும். பெயரில் ஐ5-7400 என்றிருந்தால் 7 ஆம் தலைமுறை, ஐ5-12400 என்றால் 12. போர்டின் மாடலைத் தயாரிப்பாளரின் இணைய தளத்தில் தேடினால், அதில் எந்தெந்த பிராசசர்கள் இயங்கும், ஒவ்வொன்றுக்கும் எந்த பயாஸ் பதிப்பு வேண்டும் என்ற பட்டியல் கிடைக்கும். புதிதாக வாங்குவதானால் இந்தப் பட்டியலைக் கடைக்குப் போகும் முன்பே பாருங்கள். ஏ.எம்.5 சாக்கெட்டை 2027 வரையிலும் அதற்கு அப்பாலும் தொடர்வோம் என்று 2024 இல் ஏ.எம்.டி. அறிவித்தது. அதை நம்பி வாங்கினாலும், பில்லில் "ஏ.எம்.5 போர்டு" என்று மட்டும் எழுத விடாதீர்கள். போர்டின் முழு மாடல் எண்ணையும் எழுதி வாங்குங்கள்.