பத்தடி அறைக்கு எந்த ஸ்பீக்கர்?

கண்ணு, ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்புவதைச் சுண்ணாம்புக்குளம் ஊரின் ஏரிக்கரையில் நின்று பார்த்திருக்கிறாயா? முதலில் வெளிச்சம் தெரியும். சத்தம் உடனே வராது. ராக்கெட் வெகு உயரம் போன பிறகுதான், ஏரியைத் தாண்டி ஒரு உறுமல் வந்து சேரும்.

ஏன் இத்தனை தாமதம்? நம் ஊர்க் காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 345 மீட்டர் போகும். ஏவுதளம் சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொண்டு வகுத்துப் பார். ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் வரும். சரியாக வகுத்துவிட்டாயா? சபாஷ்!

இன்னொன்றையும் கவனி. அந்த உறுமலில் கீச்சென்ற ஒலி எதுவும் இருக்காது. கிளம்பும் இடத்தில் எல்லா வகை ஒலியும் உண்டு. கீச்சொலியைக் காற்று வழியிலேயே உறிஞ்சிவிடுகிறது. தணிந்த ஒலி மட்டும் ஏரி கடந்து வருகிறது.

இறால் நன்றாகப் பட்ட ஒரு மாதத்தில், வீட்டுக்கு இரண்டு ஸ்பீக்கர் வாங்கலாம் என்று அப்பா சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உன் அறை பத்தடிக்குப் பத்தடி. எதை வாங்குவது? கடைக்குப் போவதற்கு முன்னால் இந்தத் தணிந்த ஒலியைத்தான் நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

ஒலி ஓர் அலை. விநாடிக்கு 5,000 முறை அதிரும் கீச்சொலியின் அலைநீளம் சுமார் 7 சென்டிமீட்டர். உன் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். விநாடிக்கு 50 முறை அதிரும் தணிந்த ஒலியின் அலைநீளமோ ஏறக்குறைய 7 மீட்டர். உன் அறையே 3 மீட்டர்தான். அறையைவிட நீளமான அலை அறைக்குள் எப்படி நிற்கும்?

குழாயடியிலிருந்து அகலமான அலுமினியப் பாத்திரத்தில் தண்ணீர் தூக்கி வந்திருக்கிறாய் அல்லவா? சில நேரம் உன் நடையும் தண்ணீரின் ஆட்டமும் ஒத்துப்போய்விடும். அப்போது என்ன ஆகும்? இந்த ஓரம் எழும்பும், அந்த ஓரம் தாழும். பிறகு அந்த ஓரம் எழும்பும். தளும்பித் தளும்பி உன் சட்டை நனைந்துவிடும். ஆனால் நட்டநடுவில் பார். அங்கே தண்ணீர் மட்டம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

அறைக்குள் இருக்கும் காற்றும் அப்படியே ஆடும். மூன்று மீட்டர் அறையில் அந்த ஆட்டம் விநாடிக்கு 58 முறை அளவில் வரும். 345-ஐ, அறை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் கிடைக்கும் எண் அது. பாட்டில் அந்தத் தணிந்த ஒலி வரும்போதெல்லாம் சுவரோரம் 'பூம்' என்று வீங்கும். நடு அறையில் உட்கார்ந்தால் அதே ஒலி காணாமல் போகும்.

புரிகிறதா? நிதானமாக இன்னொரு தடவை படி. இதுதான் இன்றைய பாடத்தின் உயிர்.

இப்போது ஒரு சிக்கல். நம் அறைகளில் பல, நீளம் பத்தடி, அகலம் பத்தடி, உயரமும் கிட்டத்தட்டப் பத்தடி. மூன்று பக்கமும் ஒரே அளவு என்றால் மூன்று ஆட்டங்களும் விநாடிக்கு அதே 58 முறை அளவில் ஒன்றாகக் கூடிக்கொள்ளும். ஒலிக்கு இதைவிடக் கடினமான அறை கிடையாது. அதிலும் கான்கிரீட் சுவர், சிமெண்ட் தரை என்றால் தணிந்த ஒலி வெளியே போகாமல் திரும்பத் திரும்ப மோதும். தாத்தாவின் ஓலைக் குடிசையில் இந்தத் தொல்லை இல்லை. ஓலை வழியே அந்த ஒலி வெளியேறிவிடும். கூரை வீட்டில் நன்றாகப் பாடிய பெட்டி, கல் வீட்டுக்கு வந்ததும் குமுறுவது இதனால்தான். பெட்டியைக் குறை சொல்லாதே!

ஆகவே என் முடிவு இது. சின்ன அறைக்குச் சின்ன ஸ்பீக்கர் போதும். தணிந்த ஒலிக்கு நாலு அல்லது ஐந்து அங்குல வூஃபரும், கீச்சொலிக்கு ஒரு ட்வீட்டரும் உள்ள ஒரு ஜோடி. ஆள் உயர டவர் ஸ்பீக்கரும் பெரிய சப் வூஃபரும் பார்க்க அழகுதான். ஆனால் ஏற்கெனவே தளும்புகிற பாத்திரத்தை அவை இன்னும் உலுக்கும்.

கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறிச் சென்னைக்குப் போய், ரிச்சி தெருக் கடைகளில் தேடினால் அட்டைப்பெட்டிகளில் 1,000 வாட், 5,000 வாட் என்று அச்சடித்திருப்பதைப் பார்க்கலாம். பக்கத்தில் சின்ன எழுத்தில் பி.எம்.பி.ஓ. என்று இருந்தால் அந்த எண்ணை மறந்துவிடு. ஆர்.எம்.எஸ். என்ற எண் எது என்று கேள். அதுதான் ஆம்ப்ளிஃபயர் விடாமல் தரக்கூடிய சக்தி.

உனக்கு எத்தனை வாட் வேண்டும்? சாதாரணமான ஒரு சின்ன ஸ்பீக்கர், ஒரே ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 85 டெசிபெல் அளவுக்கு ஒலிக்கும். நீ உட்காருவதோ ஒன்றரை மீட்டரில். சிறுவர்கள் 75 டெசிபெல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்க வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கணக்குப் போட்டால், நீ கேட்க வேண்டிய ஒலிக்கு ஒரு வாட்கூட முழுதாகத் தேவைப்படாது. திடீரென்று அடிக்கும் தவிலுக்கும் டிரம்ஸுக்கும் கொஞ்சம் கையிருப்பு வேண்டும். பக்கத்துக்கு 20 வாட் என்றால் தாராளம்.

சரி, ஒன்று போதாதா, இரண்டு எதற்கு? நல்ல கேள்வி!

1931-இல் இங்கிலாந்தில் ஆலன் புளும்லைன் என்ற பொறியாளர் இதை யோசித்தார். சினிமாத் திரையில் நடிகர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்கிறார். குரல் மட்டும் ஒரே இடத்திலிருந்து வருகிறது. இது அவருக்குப் பொறுக்கவில்லை. அதே ஆண்டில், இரண்டு ஸ்பீக்கர் கொண்ட ஸ்டீரியோ முறைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். நம் தமிழில் 1978-இல் வந்த 'ப்ரியா' படத்தின் பாடல்களை ஸ்டீரியோவின் தொடக்கமாகச் சொல்வார்கள். இசை இளையராஜா.

ஸ்டீரியோவின் சூட்சுமம் உன் தலையிலேயே இருக்கிறது. வலப்பக்கம் நின்று அம்மா கூப்பிட்டால், வலது காதுக்கு ஒலி முதலில் வரும். இடது காதுக்குச் சற்றுப் பிந்தி வரும். ஆயிரத்தில் ஒரு விநாடிகூட ஆகாது. அந்தத் துளி வித்தியாசத்தையும், இரண்டு காதிலும் ஒலி கூடிக் குறைவதையும் வைத்தே மூளை திசையைச் சொல்லிவிடுகிறது. இரண்டு ஸ்பீக்கரும் சேர்ந்து இதே வித்தையைத்தான் செய்கின்றன. பாடகர் நடுவில், வயலின் இடப்பக்கம், தபேலா வலப்பக்கம் என்று உனக்குத் தோன்றுகிறது.

இந்த வித்தை பலிக்க வேண்டுமானால், இரண்டும் உன்னிடமிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். சுவரிலிருந்து இரண்டடியாவது முன்னால் தள்ளி, ஒன்றுக்கொன்று ஐந்தடி இடைவெளியில் வை. நீயும் இரண்டிலிருந்தும் ஐந்தடி தள்ளிப் பாயைப் போடு. சமபக்க முக்கோணம் வந்துவிட்டதா? இப்போது நீ நட்டநடுவிலும் இல்லை, பின்சுவரில் சாயவும் இல்லை. மூலை மட்டும் வேண்டாம். அங்கே மூன்று பக்கத்துத் தளும்பலும் சேரும்.

உயரத்தையும் பார். பல வீடுகளில் ஸ்பீக்கரைப் பரண் மேலோ பீரோ மேலோ ஏற்றிவிடுகிறார்கள். நாமோ தரையில் உட்கார்ந்து கேட்கிறோம். கீச்சொலி நேராகப் போகிற குணம் உள்ளது. ட்வீட்டர் உன் காதின் உயரத்தில் இருக்கட்டும். ஒரு முக்காலியோ நாலைந்து செங்கல்லோ போதும்.

பெட்டியின் முதுகில் ஓட்டை இருக்கிறதா? அது தணிந்த ஒலியைக் கூட்டித் தருவதற்கு. சுவரை ஒட்டி வைக்க வேறு வழியில்லை என்றால், முன்பக்கம் ஓட்டை உள்ளதையோ ஓட்டையே இல்லாததையோ வாங்கு.

பிறகு அறை நடுவில் நின்று ஒரு கை தட்டு. 'டிர்ர்' என்று நடுக்கம் கேட்டால், வெறும் சுவர்கள் ஒலியை மாற்றி மாற்றி எறிகின்றன என்று பொருள். ஜமுக்காளத்தை மடித்துத் தொங்கவிடு. மெத்தையைச் சுவரில் சாய்த்து வை. காய்ந்த வலையை விரித்துத் தொங்கவிட்டால் பயனில்லை. கண்ணி வழியே ஒலி போய்விடும். ஜமுக்காளமும் கீச்சொலியைத்தான் அடக்கும். 'பூம்' அதற்குக் கட்டுப்படாது. அதற்கு மருந்து, பெட்டியையும் உன் பாயையும் அரையடி அரையடியாக நகர்த்திப் பார்ப்பதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் செய், அலுக்கவே அலுக்காது.

ஏரிக்கரைப் பிள்ளைகளுக்கு மட்டும் இன்னொரு கவலை, உப்புக் காற்று. வூஃபரைச் சுற்றியுள்ள வளையம் ஃபோமாக இருந்தால் நம் ஈரக்காற்றில் சில ஆண்டுகளில் பொடிந்து உதிரும். ரப்பர் வளையம் கேட்டு வாங்கு. ஏரியைப் பார்த்த ஜன்னலடியில் பெட்டியை வைக்காதே.

ஒயரின் செம்பு நுனி பச்சை பூக்கும். அப்படி ஆனால் ஆம்ப்ளிஃபயரின் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிய பிறகு, அப்பாவையோ அக்காவையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு நுனியை வெட்டிப் புதிதாகச் சீவி மாட்டு. மாட்டும்போது சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒன்றில் மட்டும் மாறிவிட்டால், ஒரு ஸ்பீக்கரின் கூம்பு முன்னே தள்ளும்போது மற்றதன் கூம்பு பின்னே இழுக்கும். தணிந்த ஒலி வற்றிவிடும். நடுவில் நின்று பாடியவர் எங்கே நிற்கிறார் என்றே தெரியாது. புது ஸ்பீக்கர் 'சத்தமே சரியில்லை' என்று யாராவது சொன்னால், கடைக்குத் திருப்பி எடுத்துப் போவதற்கு முன் முதலில் இந்த ஒயரைப் பார்க்கச் சொல்.