முகூர்த்தம் வரை தாங்குமா கழுத்து?

கல்யாணத்துக்குப் படம் எடுப்பவரின் வேலை முதல் நாள் மாலையே தொடங்கிவிடுகிறது. ரிசப்ஷன் மேடையில் வரிசை ஓயவே நடுராத்திரி நெருங்கிவிடும். விடிகாலையில் முகூர்த்தம் என்றால், அதற்கு முன்பே மணமகள் அறை வாசலில் நிற்க வேண்டும். அத்தனை நேரமும் கழுத்தில் தொங்கும் பாரம் எவ்வளவு? கேனான் 5டி மார்க் 4 பேட்டரியோடு 890 கிராம். 24-70 எஃப் 2.8 லென்ஸ் 805 கிராம். மேலே ஃப்ளாஷையும் செருகினால் இரண்டு கிலோவைத் தாண்டும். மிரர்லெஸ் வந்தால் பாரம் போய்விடும் என்றார்கள். சோனி ஏ7 4 பாடி 658 கிராம்தான். ஆனால் முதல் தலைமுறை 24-70 ஜி மாஸ்டர் லென்ஸ் 886 கிராம். பாடியில் மிச்சம் பிடித்ததில் மூன்றில் ஒரு பங்கை லென்ஸ் திருப்பி வாங்கிக்கொண்டது.

பெட்டியோடு இலவசமாக வரும் ஸ்ட்ராப் இந்தப் பாரத்துக்குப் போதாது. கம்பெனி பெயர் பளிச்சென்று தெரிவதில் காட்டிய அக்கறையை, அது கழுத்தில் எப்படி உட்காரும் என்பதில் காட்டியிருக்கலாம்.

கழுத்தில் மாட்டும்போது பாரம் நெஞ்சுக்கு முன்னால் தொங்குகிறது. தலை முன்னோக்கிச் சாயாமல் பிடித்து நிறுத்த, பிடரித் தசைகள் இடைவிடாமல் இறுகியே இருக்க வேண்டும். மறுநாள் தலையைத் திருப்ப முடியாமல் போவதற்கு இதுதான் காரணம். எவ்வளவு தடித்த பஞ்சு வைத்தாலும் தோல் உறுத்தாதே தவிர, தசைக்கு ஓய்வு கிடைக்காது. அதனால் என் கட்சி இதுதான்: நீண்ட நாளுக்குக் கழுத்து ஸ்ட்ராப் தேடுபவர், கழுத்தை விட்டுவிட்டே தேட வேண்டும். பஸ் கண்டக்டர் பை மாட்டுவதுபோல் ஒரு தோளிலிருந்து எதிர்ப்பக்க இடுப்புக்குக் குறுக்காகப் போட்டுக்கொள்வதே மேல்.

இங்கேதான் பலர் பணத்தை வீணாக்குகிறார்கள். அடியில் ரப்பர் புள்ளிகள் வைத்த ஸ்ட்ராப் கடையில் தொட்டுப் பார்க்க நன்றாக இருக்கும். ஒரே தோளில் சும்மா தொங்கவிடுபவருக்கு அந்தப் பிடிப்பு தேவைதான், இல்லாவிட்டால் நழுவிவிடும். குறுக்காகப் போடுபவருக்கோ அதுவே தொல்லை. கேமராவைக் கண்ணுக்குத் தூக்கும் ஒவ்வொரு முறையும் பட்டை சட்டைமேல் வழுக்கி ஓட வேண்டும். ஓடாவிட்டால் காலர் இழுபடும், கேமரா பாதியில் நிற்கும், தாலி கட்டும் கணம் போய்விடும். சீட் பெல்ட் போல வழவழப்பான நைலான் இதற்குச் சரி. பீக் டிசைனின் ஸ்லைடு அந்த ரகம்தான். பிளாக்ரேப்பிட் ஸ்லிங்கில் தோள்பட்டை நகராது, கேமரா மட்டும் பட்டையில் வழுக்கி மேலே வரும்.

நியோப்ரீன் இழுபட்டுக் கொடுப்பதால் பாரம் குறைந்ததுபோல் தோன்றும். ஆனால் நடக்கும்போது கேமரா துள்ளும், ஏசி இல்லாத மண்டபத்தில் வியர்வை ஊறும். தோல் பட்டை அழகுதான். மழைக்காலத்தில் அலமாரிக்குள் வைத்தால் பூஞ்சை பிடிக்கும், சாயமோ வெள்ளைச் சட்டையில் ஏறும். அகலமும் அளவோடு இருக்கட்டும்: நேராக வெட்டிய அகலப் பட்டை கழுத்தோரத்து வளைவில் படியாமல், ஓரத்தால் மட்டும் அழுத்தும். வளைவாக வெட்டியதை வாங்குங்கள்.

நீளத்தைக் கடையிலேயே, நம் லென்ஸை மாட்டித்தான் பார்க்க வேண்டும். கேமரா இடுப்பெலும்புக்குப் பக்கத்தில் நின்றால் போதும். அதற்குக் கீழே இறங்கினால், மெட்டி போடும்போது படமெடுக்கக் குனிகிறவரின் கேமரா ஆடிப்போய் ஆரத்தித் தட்டில் இடிக்கும். இரண்டு கேமராவோடு ஓடுபவர்களுக்கு இரு தோளிலும் பாரத்தைப் பிரிக்கும் ஹார்னஸ் உண்டு. போட்டுக்கொண்டால் மணமகளின் மாமா துப்பாக்கிக்காரரைப் பார்ப்பதுபோல் பார்ப்பார், அவ்வளவுதான். பெண்களுக்கு நெஞ்சின் குறுக்கே பட்டை எங்கே படுகிறது என்பதும் முக்கியம்; வளைவை மாற்றித் தனியாகச் செய்த மாடல்களும் இருக்கின்றன.

ஸ்லிங் வகைகளில் பல, கேமராவின் அடியில் டிரைபாட் மாட்டும் கால் அங்குலத் துளையில் திருகப்படுகின்றன. கேமரா ஆட ஆட அந்தத் திருகு மெல்லக் கழலும். ஆகவே சாப்பாட்டுப் பந்தியில் உட்காரும்போதெல்லாம் ஒருமுறை இறுக்கிவிட வேண்டும். பாடியின் பக்கவாட்டு வளையத்தோடு இன்னொரு சிறு கயிற்றையும் சேர்த்துக் கட்டுவது நல்லது. 70-200 போன்ற கனமான லென்ஸ் என்றால் பாடியில் திருகாமல், லென்ஸின் டிரைபாட் காலரில் திருகுங்கள். லென்ஸின் பாரம் மவுண்ட்டில் விழாது.