உங்களுக்குத் தெரியுமா? கண்ணடியில் வீக்கம், கோளாறு பல்லில்!

நாய்க்குக் கண்ணுக்குக் கீழே திடீரென்று வீங்கினால், பூச்சி கடித்திருக்கும் என்று விட்டுவிடாதீர்கள். உதட்டைத் தூக்கிப் பல்லைப் பாருங்கள். மேல்தாடையில் இறைச்சியை வெட்டும் பெரிய பல்லுக்கு மூன்று வேர்கள். அவற்றின் நுனி கண்ணுக்குச் சற்றுக் கீழேதான் முடிகிறது. கெட்டி எலும்பைக் கடித்து அந்தப் பல் பிளந்து கிருமி இறங்கினால், சீழ் அங்கேதான் கட்டும். கண் மருந்தால் ஆறாது. வேர்சிகிச்சை செய்ய வேண்டும், இல்லையேல் பல்லை எடுக்க வேண்டும்.

வளர்ந்த நாய்க்கு 42 பற்கள், பூனைக்கு 30. பூனைக்கு இன்னொரு கொடுமை, பல் தானாகவே கரையும் நோய். ஈறோரம் சிவந்திருக்கும், தொட்டால் தாடை வெடவெடக்கும். பாவம், அப்போதும் பல பூனைகள் வலியைக் காட்டாமல் சாப்பிடும். வேரின் நிலையை எக்ஸ்ரேதான் சொல்லும்.

பல் சுத்தம் செய்ய மயக்க மருந்து எதற்கு? பற்காரை ஈறுக்கு அடியில்தான் அதிகக் கேடு செய்கிறது. விழித்திருக்கும் பிராணி அங்கே கருவியை விடாது. மயக்கத்தின்போது மூச்சுக்குழாயில் குழாய் செருகியிருப்பதால் தண்ணீரும் அழுக்கும் நுரையீரலுக்குப் போகாது.

வீட்டில் தினமும் துலக்கிவிடுங்கள். நம் பற்பசை மட்டும் கூடாது: சிலவற்றில் உள்ள சைலிட்டால் நாயின் ரத்தச் சர்க்கரையைச் சடாரென இறக்கிவிடும்.