பிஎம்பி கோர்ஸுக்கு 60,000 ரூபாய் கட்டலாமா? முதல்ல இந்தக் கணக்கைப் போடுங்க!



நம்ம சேனலுக்கு அடிக்கடி வர்ற மாதிரியான கேள்வி இது: "ஐடி கம்பெனியில டெஸ்டிங் வேலை, 2 வருஷ அனுபவம், கையில வர்ற சம்பளம் 40,000 ரூபாய். பிஎம்பி முடிச்சா மேனேஜர் ஆயிடலாம்னு சொல்றாங்க. 60,000 ரூபாய் கோர்ஸ். கிரெடிட் கார்டு இஎம்ஐல சேர்ந்துடவா?"

கார்டை உள்ளே வைங்க. இப்போதைக்கு இவரால அந்தத் தேர்வுக்கு விண்ணப்பிக்கவே முடியாது!

தகுதி இருக்கா?

பிஎம்பி சான்றிதழைத் தருவது அமெரிக்காவின் பிஎம்ஐ அமைப்பு. டிகிரி முடித்தவர்களுக்கே பொதுவாக 36 மாத அனுபவம் தேவை. அதுவும் ப்ராஜெக்ட்டில் வேலை பார்த்த அனுபவம் இல்லை, ப்ராஜெக்ட்டை வழிநடத்திய அனுபவம். அதோடு 35 மணி நேரப் பயிற்சியும் வேணும். நீங்க 60,000 கட்டுறது இந்த 35 மணி நேரத்துக்குத்தான். கோர்ஸ் முடிச்ச சான்றிதழ் வேற, பிஎம்பி வேற!

முழுச் செலவு எவ்வளவு?

தேர்வுக் கட்டணம் தனி. இஎம்ஐ போட்டா வட்டி, அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. பாஸ் ஆன பிறகும் 3 வருஷத்துக்கு ஒரு முறை 60 பிடியூ சேர்த்து, கட்டணம் கட்டிப் புதுப்பிக்கணும்.

போட்ட காசு எப்போ திரும்பும்?

உதாரணத்துக்கு, மொத்தச் செலவு 1,20,000 ரூபாய்னு வச்சுக்குவோம். சம்பளம் மாசம் 5,000 கூடினா, காசு திரும்ப 24 மாசம் ஆகும். சம்பளம் கூடலைன்னா? அது முதலீடு இல்லை, வெறும் செலவு.

அப்போ என்ன செய்யலாம்?

1. நீங்க விரும்புற வேலைக்கான 20 விளம்பரங்களைப் பாருங்க. எத்தனையில பிஎம்பி கேக்குறாங்கன்னு எண்ணுங்க.

2. ஹெச்ஆரிடம் கேளுங்க. சில கம்பெனிகள் செலவைத் திருப்பித் தருவாங்க. ஆனா இத்தனை மாசம் வேலையை விடக்கூடாதுன்னு நிபந்தனை இருக்கான்னு படிச்சுப் பாருங்க.

3. டீம் லீடரிடம் ஒரு சின்ன வேலையை முழுசா நடத்தக் கேளுங்க. தேதி, பொறுப்பு, முடிவு எல்லாத்தையும் எழுதி வைங்க. விண்ணப்பத்துக்கு அதுதான் கைகொடுக்கும்.

4. மாசம் 3,000 ரூபாய் ஆர்டி போடுங்க. 36 மாசத்துல அசல் மட்டுமே 1,08,000 ரூபாய்.

அனுபவமும் சேரும், பணமும் சேரும். அப்போ தேர்வு எழுதுங்க, கடனே இல்லாம!

இஎம்ஐ போட யோசிக்கிற நண்பர் யாராவது இருந்தா, இன்னைக்கே இதை அனுப்பி வைங்க.