ஒலுவிற் கரையில் ஒரு காலைப்பொழுது

விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகள் கடற்கரைக்குப் போகவேண்டுமென்று நச்சரிக்கத் தொடங்கிவிடுகின்றனர். கிழக்கிலங்கையிற் கடற்கரை என்றதும் வடக்கே பாசிக்குடாவும் தெற்கே அறுகம் குடாவுமே பலர் நினைவுக்கு வரும். அவ்விரண்டிற்கும் இடையே, கல்முனையிலிருந்து ஒரு மணி நேரத்துக்கும் குறைந்த பஸ் பயணத்தில், ஒலுவில் இருக்கின்றது. அங்கே உல்லாச விடுதிகளின் ஆரவாரம் இல்லை. ஆயினும், கண்ணைத் திறந்து வைத்திருக்கும் மாணவனுக்கு அக்கரை ஒரு புத்தகசாலைக்குச் சமமானது.

பயணமே ஓர் இன்பந்தான். கல்முனையை விட்டுத் தெற்கே செல்லும் பெருந்தெரு சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என ஊரோடு ஊர் கோத்தாற்போற் செல்கின்றது. நேரமுள்ளவர்கள் காரைதீவில் இறங்கலாம். 1892இல் சுவாமி விபுலாநந்தர் பிறந்த ஊர் அது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தவர் அவர் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்பது நன்று. நிந்தவூரைக் கடந்ததும் ஒரு புறம் வயல்வெளி விரிகின்றது. மாரிகாலமாயின் அவ்வயல்களிற் கொக்கும் நாரையும் கூட்டங்கூட்டமாக நிற்கும். அப்பாற் சிறிது தூரத்தில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கட்டடங்கள் தோன்றும். 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, அடுத்த ஆண்டிலேயே முழுப் பல்கலைக்கழகமானது அது. அதற்காகப் பாடுபட்டவர் அக்காலத் துறைமுக அமைச்சர் எம். எச். எம். அஷ்ரப். ஒலுவிலுக்குத் துறைமுகம் ஒன்று வேண்டும் என்று கனாக் கண்டவரும் அவரே. 2000ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஹெலிகொப்டர் விபத்தொன்றில் அவர் மறைந்தார். துறைமுகத்தை அவர் காணவில்லை.

நாம் போனது ஆடி மாதத்தில், சுபஹுத் தொழுகை முடிந்து ஊர் விழித்துக்கொண்டிருந்த வேளையில். கடற்கரைக்குப் போகிறவர்கள் வெயில் ஏறுமுன் போய்விடவேண்டும். கீழ்க்கடலாதலால் சூரியன் நீரிலிருந்தே எழும். அக்காட்சியை வருணிக்கப் புகுந்தால் இப்பக்கம் போதாது.

முதலிற் பிள்ளைகளின் கண்ணிற் பட்டது கரைவலை. தோணியிற் சென்று வலையை வளைத்து விட்டு, இரு கயிறுகளையும் கரையில் நின்று இழுக்கின்றார்கள். ‘அம்பா’ பாடிக்கொண்டு பத்திருபது பேர் ஒரே அடியெடுத்துப் பின்வாங்கும் அழகு கண்கொள்ளாக் காட்சி. எம்முடன் வந்த சிறுவன் கயிற்றைத் தொடலாமா என்று தயங்கி நின்றான். ஒரு காக்கா அவனைத் ‘தம்பி’ என்றழைத்துக் கயிற்றின் வாலைக் கையிற் கொடுத்துவிட்டார். வலையின் மடி கரையேறியபோது கீரியும் சூடையும் வெள்ளிக்காசாய்த் துள்ளின. சிறுவனுக்கும் பங்காக ஒரு கை மீன் கிடைத்தது. வீடு திரும்பும்வரை அம்மீனை அவன் எவர் கையிலும் கொடுக்கவில்லை! வெள்ளிக்கிழமை ஜும்ஆ வேளையிற் போகிறவர்களுக்கு இக்காட்சி கிட்டாது என்பதையும் சொல்லிவிடுகின்றோம்.

அடுத்து மணலைப் பார்க்கவேண்டும். அலை எட்டாத மேட்டில் அடம்பன் கொடி படர்ந்து கிடக்கின்றது. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று நம் பாட்டிமார் சொல்வதைப் பிள்ளைகள் கேட்டிருப்பார்கள். கொடியைக் கண்டவர் எத்தனை பேர்? அதன் ஒவ்வொரு கணுவிலும் வேர் இறங்கி மணலைப் பற்றிக்கொண்டிருப்பதைக் காட்டுங்கள். அதனைப் பிடுங்க விடாதீர்கள். காற்றில் மணல் பறவாது காப்பது அக்கொடியே. அருகில் நண்டு வளைகள் இருக்கும். அசையாது சிறிது நேரம் நின்றால் நண்டு வெளியே வந்து கண்ணை நீட்டிப் பார்க்கும். மூச்சு விட்டால் மறைந்துவிடும்.

நிற்க. ஒலுவிலுக்குப் போய்த் துறைமுகத்தைப் பாராது திரும்புவது எங்ஙனம்? டென்மார்க்கு நாட்டின் கடனுதவியோடு 2008இல் வேலை தொடங்கி, 2013 செப்டெம்பரில் இது திறந்துவைக்கப்பட்டது. வணிகக் கப்பல்களுக்கு ஒரு பகுதியும் மீன்பிடிக் கலங்களுக்கு ஒரு பகுதியுமாக வகுத்தனர். பெரிய கற்களைக் குவித்துக் கடலுக்குள் நீட்டிய அலைதடுப்பு அணைகள் இரு கைகளைப்போலத் தோன்றுகின்றன. ஆயினும் எதிர்பார்த்த வணிகக் கப்பற் போக்குவரத்து இங்கே வளரவில்லை. வாயில் மணல் நிறைந்து, மீன்பிடிக் கலங்களே வந்துபோக முடியாது தவித்த காலங்களும் உண்டு.

மணல் எங்கிருந்து வந்தது? இதனைப் பிள்ளைகளே கண்டறியலாம். ஒரு தேங்காய்மட்டையும் கைக்கடிகாரமும் போதும். துறைமுகத்துக்கு வெகு தொலைவில், மணற்கரையில் இரு குச்சிகளை ஐம்பது அடிவைப்புத் தூரத்தில் நட்டோம். மட்டையை அலை உடையும் இடத்தில் எறிந்துவிட்டு, அதனோடு கரையிலே நடந்தோம். அலை சாய்வாக ஏறி மட்டையைக் கரைக்குத் தள்ளும். நீர் நேராகக் கீழிறங்கி அதனை இழுக்கும். ஏறி இறங்கி, ஏறி இறங்கி, மட்டை வடக்கு நோக்கியே நகர்ந்தது. மட்டைக்கு நேர்வதே ஒவ்வொரு மணற்பருக்கும் நேர்கின்றது. வாடைக்காற்று வீசும் மாதங்களில் இவ்வோட்டம் எதிர்ப்புறம் திரும்புவதும் உண்டு. எனினும் ஆண்டு முழுவதையும் கணக்கிட்டால் இக்கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே பயணம் செய்கின்றது.

அப்பயணத்தின் குறுக்கே அணை கட்டினால் என்னாகும்? தென்புறத்திற் சென்று பாருங்கள்: மணல் சேர்ந்து கரை அகன்று கிடக்கின்றது. பின்னர் வடபுறம் செல்லுங்கள். வரவேண்டிய மணல் வராமையால், கடல் கரையையே தின்று பசியாறியிருக்கின்றது. தென்னந்தோட்டங்கள் வரிசை வரிசையாகச் சரிந்தன. அரிப்பைத் தடுக்கக் கற்களைக் கொட்டினார்கள். கற்கள் முடிந்த இடத்துக்கு அப்பால் அரிப்புத் தொடர்ந்தது. வலை உலர்த்தவும் தோணி ஏற்றவும் இடமின்றிக் கரைவலைக்காரர் இடம்பெயர நேர்ந்தது. அங்கு நாம் கண்ட முதியவர் ஒருவரிடம் அவரது வாடி எங்கே என்று கேட்டோம். அவர் கரையைக் காட்டவில்லை, அலையைக் காட்டினார்.

இஃது ஒலுவிலுக்கு மாத்திரம் நேர்ந்த விதியன்று. சென்னையில் 1876இல் துறைமுக அணை கட்டத் தொடங்கிய பின்னர், தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து உருவானதே இன்று உலகறிந்த மெரீனாக் கடற்கரை. வடக்கே இராயபுரத்தையும் திருவொற்றியூரையும் அதே கடல் அரித்தது. மெரீனாவில் சுண்டல் தின்று உலாவுகிறவர்கள் இராயபுரத்தாரை நினைப்பதில்லை.

துறைமுகமே வேண்டாம் என்பது நம் கருத்தன்று. ஆழ்கடலுக்குச் செல்லும் கலங்களுக்கு ஒதுக்கிடம் வேண்டும்; அது பிழைப்போடு சேர்ந்த காரியம். ஆனால், ஒருபுறம் தங்கும் மணலை மறுபுறம் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஏற்பாடும் துறைமுகத்தோடு பிறந்திருக்கவேண்டும். அவுஸ்திரேலியாவின் ட்வீட் ஆற்று வாயிலில் 2001 முதல் மணலைப் பம்பியால் உறிஞ்சி, ஆற்றுக்கடியில் குழாய்வழி அனுப்பி, அப்பாலுள்ள கரைகளிற் சேர்த்துவருகின்றார்கள். அதற்கு ஆண்டுதோறும் செலவு உண்டு. செய்யாமைக்கும் செலவு உண்டு. அதனைக் கரையோரத்துக் குடும்பங்கள் தென்னையாகவும் நிலமாகவும் கொடுத்துத் தீர்க்கின்றன.

குளிக்க விரும்புவோருக்கு ஒரு வார்த்தை. அணைக்கற்களின் அருகே நீரில் இறங்கக் கூடாது. கற்கள் வழுக்கும், சுழியும் உண்டு. கார்த்திகை முதல் தை வரை கடல் கொந்தளிக்கும். அக்காலத்தில் கரையில் நின்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளவேண்டும். 2004 டிசெம்பர் 26இல் இக்கரையோர ஊர்கள் பட்டது எவருக்கும் மறக்கவில்லை.

உணவுப் பொதியைத் துணியிலோ வாழையிலையிலோ கட்டிச் செல்லுங்கள். பிளாஸ்டிக் பைகளை அங்கே எறியாதீர்கள். ஒலுவிலுக்கு உட்புறமாக உள்ள பள்ளக்காட்டில் ஊர்க்குப்பை கொட்டுமிடம் ஒன்று உண்டு. காட்டு யானைகள் அங்கே வந்து உணவோடு பிளாஸ்டிக்கையும் தின்கின்றன. அவ்வாறு தின்று எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் மடிந்ததாக 2022இல் செய்தி வந்தது. நாம் கொண்டுபோன பைகளைச் சிறுவர்களே எண்ணி எடுத்துவந்தனர்; ஒன்று காற்றிற் பறந்துபோய்விட்டது, அதனை நெடுந்தூரம் துரத்தினார்கள்.

திரும்பும்போது ஒரு சட்டி எருமைத் தயிர் வாங்கிக்கொண்டோம். நேரமிருப்பவர்கள் கல்முனைக்கு அப்பால் மருதமுனை வரை சென்று, தறியிற் புடைவை நெய்வதைப் பார்க்கலாம். எமக்கு நேரமில்லை. பஸ்ஸில் சிறுவன் மீன்பொதியை மடியில் வைத்துக்கொண்டு, ஐம்பது அடிவைப்பைக் கடக்க மட்டைக்கு எத்தனை நிமிடம் பிடித்தது என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதினான். மார்கழியில் மறுபடியும் வந்து அளக்கவேண்டுமாம். மட்டை தெற்கே போகிறதா என்று பார்க்கவேண்டுமாம்.