ஒரே நாளில் இரண்டு குதிரைப் பாய்ச்சல்!

குதிரைப் படையில் இரண்டு வகை உண்டு.

ஒன்று, கனப்படை. பெரிய குதிரை, அதன் மேல் வாட்டசாட்டமான ஆள். எதிரி அணி மீது மோதி, அதை உடைப்பது இதன் வேலை.

மற்றது, இலகுப்படை. குதிரை சிறியது, வேகம் அதிகம். இது வேவு பார்க்கும். எதிரி தோற்று ஓடினால், விரட்டி விரட்டி வெட்டும். பீரங்கிக்கு நேராக மார்பைக் காட்டுவது இதன் வேலை அல்ல. ஆனால் ஒரு நாள் அந்த வேலையைத்தான் இதனிடம் கொடுத்தார்கள்!

1854-ம் ஆண்டு அக்டோபர் 25-ந் தேதி. கருங்கடல் ஓரம், கிரிமியாவில் பாலக்ளாவா. இங்கிலாந்து, பிரான்சு, துருக்கி ஒரு பக்கம். ருஷியா மறுபக்கம்.

மேட்டில் பாய்ந்த படை

காலையில் சுமார் 2 ஆயிரம் ருஷியக் குதிரை வீரர்கள் மேட்டிலிருந்து இறங்கினார்கள். கீழே இங்கிலாந்தின் கனப்படை நின்றது. அதன் தளபதி ஸ்கார்லெட்டுக்கு வயது 55. அதற்குமுன் அவர் போர்க்களத்தையே பார்த்தது இல்லை! சுமார் 300 பேருடன் அவர் மேடு நோக்கிப் பாய்ந்தார். மற்றவர்கள் பின்னாலேயே வந்து மோதினார்கள். சில நிமிடங்கள்தான். ருஷியர்கள் திரும்பி ஓடினார்கள்.

இனி விரட்ட வேண்டியது இலகுப்படை. அது பக்கத்திலேயே நின்றது, ஆனால் நகரவில்லை! நின்ற இடத்தைக் காப்பதே தனக்கு இட்ட உத்தரவு என்று அதன் தளபதி கார்டிகன் இருந்துவிட்டார். அவருக்கு மேலதிகாரி லூக்கன். கார்டிகனின் தங்கையை மணந்தவர். மாப்பிள்ளைக்கும் மச்சானுக்கும் ஆகவே ஆகாது!

எந்தப் பீரங்கி?

பிறகு, சேனாதிபதி ராக்லன் குன்றின் மேலிருந்து உத்தரவு அனுப்பினார். மேட்டில் கைப்பற்றிய பீரங்கிகளை ருஷியர்கள் கொண்டுபோகாமல் தடுக்க வேண்டும். அவருக்கு அந்தப் பீரங்கிகள் தெரிந்தன. பள்ளத்தில் நின்ற லூக்கனுக்குத் தெரியவில்லை. எந்தப் பீரங்கி என்று கேட்டார். உத்தரவைக் கொண்டுவந்த நோலன், பள்ளத்தாக்கின் பக்கம் கையை வீசிக் காட்டினார். அந்தக் கோடியில் இருந்ததோ ருஷியரின் வேறு பீரங்கி வரிசை!

சுமார் 670 பேர் புறப்பட்டார்கள். முன்னால் பீரங்கி; இடமும் வலமும் பீரங்கி. தூரம் 2 கிலோமீட்டர். தொடக்கத்திலேயே நோலன் மாண்டார். எஞ்சியவர்கள் பீரங்கிகளை எட்டிவிட்டார்கள், சுட்டவர்களை வெட்டினார்கள். ஆனால் அங்கே நிலைத்து நிற்க முடியவில்லை. வந்த வழியே திரும்பும்போதும் குண்டு!

சுமார் 110 பேர் மடிந்தார்கள். 160 பேருக்குக் காயம். செத்த குதிரைகள் 300-க்கும் அதிகம். கார்டிகன் உயிரோடு திரும்பினார்.

அதே ஆண்டு, ஆங்கிலக் கவிஞர் டெனிசன் இலகுப்படை பற்றிப் பாட்டு எழுதினார். அது உலகம் எங்கும் பரவியது. ஜெயித்த கனப்படைக்கும் அவர் ஒரு பாட்டு எழுதினார், 1882-ம் ஆண்டில். அது அவ்வளவாகப் பரவவில்லை.